மைக்கில் மூன்று முறை சேயிழை

என் தங்கையின் உண்மையான பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிக்கிறவர்களில் நாலு பேராவது "என்னையா?" என்று நிமிர்ந்து பார்ப்பீர்கள். அவள் பிறந்த வருடம் அப்படி. அந்த வருடம் பெண் குழந்தை பெற்ற அத்தனை பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பெயரை வைத்தார்கள். எங்கள் அம்மாவும் அப்பாவும் மட்டும் அது ராத்தூக்கம் கெட்டு யோசித்து வைத்த பெயர் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன யோசித்தார்களோ, எதிர்வீட்டிலேயே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் அந்தப் பெயரில் மூன்று பேர். டீச்சர் மூன்று பேரையும் உயர வரிசையில் நிற்கவைத்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நம்பர் போட்டுவிட்டார். என் தங்கைதான் குட்டை. நான் அதே பள்ளியில் நாலு வகுப்பு மேலே படித்தேன். அந்த நம்பரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். அன்று சாயங்காலமே, "ஏ மூணு, சாப்பிட வா" என்றேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது, "பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா தம்பி, மூணுன்னு கூப்பிடுங்க" என்று அவள் புருஷனுக்குப் பாடம் எடுத்ததும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு தாய்சேய் மருத்துவமனையில், பதிவு செய்யும் இடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பெயர் கூப்பிடுவது என் வேலை. கண்ணாடியில் கையளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகச் சீட்டு உள்ளே வரும், நான் பதிந்துகொண்டு கூப்பிடுவேன். பதினாறு வருடத்தில் ஒரு பெயரையும் கடித்துத் துப்பியதில்லை. வாயில் நுழையாத பெயரென்றால் மைக்கை அணைத்துவிட்டு குழந்தையின் அம்மாவிடமே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். பிறகு நான் சொன்னால் பெற்றவளே ஒரு நிமிடம் அசந்து போவாள். இந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பதற்கில்லை.

ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டால் குழப்பம் வரும். அதற்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு வழி கண்டுபிடித்தேன். வந்த வரிசைப்படி பெயருக்குப் பின்னால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நம்பர். பெரிய டாக்டர்கூடப் பாராட்டினார். இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தங்கை உண்டாகி ஆறாம் மாதம் நடந்தது இது. மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் வந்து, ஓட்டை வழியாக ஒரு நோட்டை நீட்டினாள்.

"அக்கா, உன் கம்ப்யூட்டர்ல ஒரு பேரப் போட்டா, அந்தப் பேருல எத்தன புள்ளைங்க இருக்குன்னு காட்டுமா?"

"காட்டும். எதுக்குடி?"

"சொல்றேன், போடு."

நோட்டில் பதினோரு பெயர்கள். முதல் பெயரைப் போட்டேன். நாற்பத்தொன்று. இரண்டாவது, இருபத்தெட்டு. மூன்றாவதைப் போடும் முன்பே, "இது நானே சொந்தமா யோசிச்சது, இருக்காது பாரு" என்றாள். ஒன்பது காட்டியது.

"உன்ன மாதிரியே இன்னும் ஒம்போது பேரு சொந்தமா யோசிச்சிருக்காங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகப் பேனாவால் அடித்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். வெள்ளெழுத்து விழுந்தவர்களுக்குக் கண்ணாடி மாட்டிப் படிக்கச் சொல்வதற்கென்று அங்கே பொடி எழுத்தில் ஒரு பழைய அகராதி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியோடு தட்டுத் தடுமாறிப் படித்த சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

சேயிழை.

"நல்ல நகை போட்ட பொண்ணுன்னு அர்த்தமாம்" என்றாள்.

போட்டேன். எங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் தேடியது. 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது.

"இன்னொரு வாட்டி போடு."

இன்னொரு முறையும் இல்லை என்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு நம்பர் கிடையாதுக்கா" என்றாள்.

"அது சரி. எவ வாயிலயாவது நுழையுமா இந்தப் பேரு?"

"நுழைய வைப்பேன்."

சொன்னபடி பெண்தான் பிறந்தது. சொன்னபடி நுழைய வைக்கவும் இறங்கினாள். அதில் அந்தக் குடும்பம் பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தங்கமான மனுஷன். ழகரம் மட்டும் ஆகாது. பழம் அவருக்குப் பளம், மழை அவருக்கு மளை. குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "சேயிளை, சேயிளை" என்று கொஞ்சுவார். உள்ளேயிருந்து தங்கையின் குரல் வரும்.

"கிளட்ச்ச டக்குனு விடாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்றீங்கல்ல? அதே மாதிரிதான். நாக்க மெதுவா உள்ள மடிங்க. மடிச்சிட்டு மெதுவா விடுங்க."

"சேயி... ழ்ழ்ழ்... ளை."

"வண்டி ஆஃப் ஆயிடுச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

பிறப்பைப் பதியப் போன இடத்தில் அவர் வாயைத் திறக்கவே இல்லையாம். ஒரு காகிதத்தில் எழுதி நீட்டிவிட்டாராம். பக்கத்து வீட்டு அம்மா பெயரைக் கேட்டுவிட்டு, "சேலையா? எந்தக் கடையில?" என்றாள். அவளை நிற்கவைத்துத் தங்கை ஐந்து நிமிடம் பாடம் நடத்தினாள். பால் கொண்டுவருகிறவர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, "பாப்பா நல்லா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டுத் தப்பிக்க ஆரம்பித்தார். அவ்வளவு பேருக்கு நடுவில், முதல் முறையே தப்பில்லாமல் சொன்னவள் நான் ஒருத்திதான். "பெரியம்மா சொல்றதக் கேளுங்க, அப்படிச் சொல்லணும்" என்று தங்கை எல்லாரிடமும் என்னைக் காட்டுவாள். எனக்குச் சும்மாவே தலை நிற்காது. இதில் அந்தப் பெயர் மேல் எனக்குப் பெற்றவளுக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே ஒரு பாசம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் புது மைக் வந்தது. ஒலிபெருக்கி மூன்று. கூடத்தில் ஒன்று, நடையில் ஒன்று, மருந்து வாங்கும் இடத்தில் ஒன்று. தினமும் காலையில் மூன்றும் வேலை செய்கிறதா என்று நான்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவரை "ஹலோ, ஹலோ" என்று சொல்லித்தான் சோதிப்பது வழக்கம். மைக் மாட்ட வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஹலோன்னா எந்த ஓட்ட மைக்கும் நல்லாத்தாம்மா பேசும். சீறுற எழுத்து ஒண்ணு, நீட்டுற எழுத்து ஒண்ணு, நாக்கு மடங்குற எழுத்து ஒண்ணு, எல்லாம் இருக்கிற ஒரு வார்த்தையாச் சொல்லிப் பாருங்க. அது தெளிவா வந்துச்சுன்னா மத்தது எல்லாம் வரும்."

எனக்கு வேறு எந்த வார்த்தை தோன்றும்? மறுநாள் காலை ஏழே முக்காலுக்குக் கூடத்துப் பொத்தானை அழுத்தி, "சேயிழை" என்றேன். நடைக்கு ஒரு சேயிழை. மருந்து வாங்கும் இடத்துக்கு ஒரு சேயிழை. அது சாதாரணமாகச் சொல்வதல்ல, என் மைக் குரலில் சொல்வது. சே-யைக் கொஞ்சம் நீட்டி, யி-யில் ஒரு நொடி நின்று, ழையைக் குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கிவிடுவேன். அந்தக் காலி நேரத்தில் கட்டடம் முழுக்க என் தங்கை மகள் பெயர் போய்வருவதைக் கேட்க எனக்கு நெஞ்சு நிறையும்.

காலி நேரம் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் தப்பு. பிள்ளைத்தாய்ச்சிகள் ஏழு மணிக்கே வந்து சீட்டுக்காக உட்கார்ந்திருப்பார்கள். பெருக்கித் துடைக்கிற அக்கா ஒரு நாள் துடைப்பத்தோடு வந்து, "ஏம்மா, தெனமும் அந்தப் புள்ளையக் கூப்பிடுறியே, ஒரு நாளாவது வந்துச்சா அது?" என்று கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, அது என் தங்கை மகள், அவள் ஆரோக்கியமாக வீட்டில் இருக்கிறாள், இது வெறும் மைக் சோதனை என்று மைக்கிலேயே விளக்கம் கொடுத்தேன். பெயரின் அர்த்தத்தையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

அன்றைக்கு ஒருத்தி ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். எட்டு மாத வயிறு. "அந்தப் பேர எப்படி எழுதுறதுங்க?" என்று கேட்டாள். சீட்டின் பின்பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ழையில் சறுக்கினாள். திருத்தினேன். மறு வாரம் இன்னொருத்தி. அப்புறம் வேறொருத்தி. ஆறேழு பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் இப்போது நம்பவில்லை. பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை.

தங்கை மகளுக்கு நாலு மாதம் முடிந்திருந்தபோது, புதிதாகப் பதிவான குழந்தைகளின் பட்டியலில் அந்தப் பெயர் வந்தது. சேயிழை, ஒன்றரை மாதம். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. நம் வீட்டுப் பெயர் ஊருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பேர ஒரு வாட்டி போட்டுப் பாரேன். ஒண்ணுதான காட்டுது?"

மாதத்துக்கு ஒரு முறை இப்படிக் கேட்பது அவள் வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் குழந்தையின் எடையைக் கேட்பார்கள், இவள் இதைக் கேட்பாள்.

"ஒண்ணுதான்டி மூணு" என்றேன்.

முதல் பொய் அது. அடுத்த மாதம், "கம்ப்யூட்டர் படுத்துடுச்சு" என்றேன். அதற்கடுத்த மாதம், "மேனேஜர் நிக்கிறாரு, அப்புறம் பேசுறேன்" என்றேன். எங்களுக்கு மேனேஜரே கிடையாது. ஒவ்வொரு முறையும் போனை வைத்தபின் தேடிப் பார்ப்பேன். இரண்டு. மூன்று. ஒன்பதாம் மாதம் ஆறு காட்டியது. அவள் அந்த நோட்டோடு வந்து பதினோரு பெயரையும் அடித்துக்கொண்டே போன மத்தியானம் நினைவுக்கு வந்தது. மைக் சோதனையை அன்றே "ஹலோ"வுக்கு மாற்றினேன். பெருக்குகிற அக்கா, "என்னாச்சு, அந்தப் புள்ள வந்துட்டாளா?" என்று கேட்டாள்.

தங்கை மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி வந்தது. மற்ற சேயிழைகளில் இரண்டு பேருக்கும் அதே வாரம் அவரவர் மாதத்து ஊசி இருந்தது. நான் உட்கார்ந்து பள்ளிக்கூட அட்டவணை போடுகிற மாதிரி போட்டேன். ஒரு சேயிழைக்குச் செவ்வாய், இன்னொருத்திக்கு வியாழன், எங்கள் வீட்டுச் சேயிழைக்கு வெள்ளி. யாரும் யாரையும் பார்க்க முடியாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வியாழக்கிழமை ஊசி போடும் அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. தரையெல்லாம் தண்ணீர். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று வராமல் வியாழனுக்குத் தள்ளிப்போட்ட குழந்தை, வியாழன் குழந்தை எல்லாரையும் ஊசி போடும் சிஸ்டர், "வெள்ளிக்கிழம காலைல வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவே இல்லை.

வெள்ளி காலையில் கூடம் நிறைந்து வழிந்தது. எட்டு மணிக்குள் இரண்டு சேயிழை வந்தாயிற்று. கம்ப்யூட்டர் நான் சொல்லிக்கொடுத்தபடி நம்பர் போட்டது. எட்டே காலுக்குத் தங்கை வந்தாள். நீல உடுப்பில் குழந்தை, தோளில் பெரிய பை. ஓட்டை வழியாகச் சீட்டை நீட்டி, "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு" என்று குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். நான் சீட்டைப் பதிந்தேன்.

திரையில் வந்தது: சேயிழை 3.

வேறு எந்த நம்பராவது வந்திருக்கக் கூடாதா? நான் திரையைப் பார்த்தபடியே, "போய் உக்காருடி, கூப்பிடுறேன்" என்றேன். அப்புறம் பட்டியலில் அவர்கள் மூன்று பேரையும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் வந்தவள் எழுந்து வந்து கேட்டாள். "வரும்மா, வரும்" என்றேன். இரண்டாவதாக வந்தவளின் குழந்தை பசிக்கு அழுதது. ஊசி போடும் சிஸ்டர் கதவைத் திறந்து, "என்னம்மா வரிச இது? முன்னாடி வந்த புள்ளைங்க எங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். இதற்குமேல் தள்ள முடியவில்லை. நம்பர் போட்டுக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெறும் பெயரை மட்டும் சொன்னேன்.

"சேயிழை."

மூன்று பேர் எழுந்தார்கள்.

எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "உங்க பாப்பாவும் சேயிழையா?" என்றாள் ஒருத்தி. "ஆமாங்க, சேயிழை" என்றாள் மற்றவள். இரண்டு பேர் வாயிலும் பெயர் அவ்வளவு சுத்தமாக வந்தது. சே கொஞ்சம் நீண்டது, யி-யில் ஒரு நொடி நின்றது, ழை மெதுவாக இறங்கியது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் பால்காரருக்கும் ஒன்பது மாதம் பாடம் எடுத்தும் வராத ழகரம். தங்கை அசையாமல் நின்று கேட்டாள். அந்த இழுப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

"இந்தப் பேரு உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டாள்.

"இங்கதாங்க. காலைல மைக்ல கூப்பிடுவாங்க, அவ்ளோ நல்லா இருக்கும். அந்த அக்காதான் எழுதிக் குடுத்தாங்க, சொல்லியும் குடுத்தாங்க" என்று அந்தப் பெண் கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

தங்கை கண்ணாடிக்கு வந்தாள். நான் மைக்கை அணைத்தேன்.

"இவங்க ரெண்டு பேரு மட்டுந்தானா?"

"ஆறு பேரு" என்றேன். "உன்னோட சேத்து."

"கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்ன."

"பொய் சொன்னேன்."

"லிஸ்ட்ல என் பொண்ணு எத்தனாவது?"

என் கண் திரைப் பக்கம் போனது. அவள் குனிந்து ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தாள். கண் சோதிக்கிறவள், அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாமல் போகாது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பேரு எத்தன பேருக்கு வேணா இருக்கட்டும்க்கா. அது என்ன என் சொத்தா? நம்பர் மட்டும் வேணாம்னு சொன்னேன். எனக்கு நீதான் நம்பர் போட்ட. இப்ப என் பொண்ணுக்கும் நீயே போட்டுட்ட."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊசி போடாமலே வாசலைப் பார்த்து நடந்தாள். கூட்டத்துக்கு நடுவே நீல உடுப்பு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் எழுந்து ஓடினாலும் கதவைச் சுற்றிவருவதற்குள் அவள் பஸ் ஏறியிருப்பாள். என்னிடம் இருந்தது மைக் மட்டும். பொத்தானை அழுத்தினேன்.

"மூ..." என்று வந்துவிட்டது.

சட்டென்று நிறுத்தினேன். மூன்று ஒலிபெருக்கியும் அந்த "மூ"வைச் சொல்லி முடித்தன. அவள் நிற்கவில்லை. நம்பரை அழித்துவிட்டு அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நம்ப மாட்டீர்கள், நாக்கு புரளவே இல்லை. ழகரமும் இல்லை, றகரமும் இல்லை, பால்வாடிப் பிள்ளையும் சொல்லிவிடும் பெயர். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அதே பெயருள்ள ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். என் தங்கையை நினைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. எத்தனை வருடம் ஆயிற்று? இருபத்தைந்து இருக்கும். முதல் எழுத்தைச் சொல்லித் தடுக்கி நின்றேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி தடுக்கியது. பெருக்குகிற அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். தங்கை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை வந்தது. அவள் பெயரை முழுதாகச் சொன்னேன். மைக் குரலில் இல்லை, என் சொந்தக் குரலில், கொஞ்சம் உடைந்து. "...ஓட பொண்ணு சேயிழை, உள்ள வாங்க" என்று முடித்தேன்.

தங்கை ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

கூடத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு அம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மருந்து வாங்கும் இடத்திலிருந்து இன்னொருத்தி, "என்னையாங்க கூப்பிட்டீங்க?" என்று எட்டிப் பார்த்தாள். நடையில் ஒரு நர்ஸும் திரும்பினார். அந்த வருடத்துப் பெண்கள்தான், எங்கே போவார்கள்?

தங்கை அவர்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அவள் உதடு துடித்தது, அழப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி நேராக நடந்து வந்தாள்.

"உக்காருங்கம்மா எல்லாரும்" என்றாள். "எங்க அக்கா என்னத்தான் கூப்பிடுறா."

கண்ணாடியைத் தாண்டி ஊசி போடும் அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சேயிழை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது.